பத்திரத்தில் ஜில்லா, சுவரில் ஓதம்

திருத்தணியில் ஒரு வீட்டின் வயதைக் கண்டுபிடிக்க ஒரு குமாஸ்தா வழி உண்டு. வீட்டின் பழைய பத்திரத்தை எடுத்துச் சொத்து விவரத்தைப் பாருங்கள். வட ஆற்காடு ஜில்லா என்று எழுதியிருந்தால் அது 1911-க்கு முந்தைய பத்திரம். சித்தூர் ஜில்லா என்றால் 1911-க்கும் 1960-க்கும் நடுவில் எழுதியது. செங்கல்பட்டு என்றால் 1960-க்குப் பின், திருவள்ளூர் என்றால் 1997-க்குப் பின். வெறும் மனை என்றில்லாமல் கட்டடமும் சேர்த்து எழுதப்பட்டிருந்தால், வீட்டுக்குக் குறைந்தது அந்தப் பத்திரத்தின் வயது. மலையும் ஊரும் இருந்த இடத்திலேயே இருக்க, ஜில்லா மட்டும் மாறிக்கொண்டே வந்தது. வடக்கெல்லைப் போராட்டமும், ம.பொ.சி.யின் பெயரும், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததும் நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பத்திரத்தை ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்றால், ஐப்பசி பிறந்தால் எங்கள் தெருவில் ஒரே பேச்சுதான். "சுவரில் ஓதம் காத்திருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை." மேஸ்திரி வந்து தளத்தில் கோளாறு என்கிறார். பிளம்பர் வந்து குழாயில் கோளாறு என்கிறார். வெளியூரில் இருக்கும் மகன், இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்கிறான். மூவரையும் கேட்பதற்கு முன் வீட்டின் காலத்தைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால், வீட்டுக்குள் தண்ணீர் ஒளிந்துகொள்ளும் இடம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

சித்தூர் ஜில்லா காலத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். கிணறு கொல்லையில். குளியல் கிணற்றடியில். சமையலுக்குத் தண்ணீர் குடத்தில் வந்து அண்டாவில் நிற்கும். முற்றத்தில் விழும் மழைநீர் தூம்பு வழியாகத் தெருவுக்குப் போய்விடும். சுவருக்குள் தண்ணீர் போக வழியே கிடையாது. வீட்டில் தண்ணீர்த் தொல்லை என்றால் அது மேலிருந்து ஒழுகுவதுதான். அது கண்ணுக்குத் தெரியும். சொட்டும் இடத்தில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு, மழை விட்டதும் ஆளை ஏற்றி ஓட்டை மாற்றுவார்கள்.

வசதியுள்ளவர்கள் மெத்தை வீடு கட்டினார்கள். அந்தத் தளத்துக்கு ஊர் ஊராக வேறு பெயர் உண்டு. இன்ஜினியர்கள் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரங்கள். அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவிட்டமாக, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அது இறுகியதும் அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுமார் மூன்று அங்குலத்துக்குக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக் கொட்டாப்புளியால் நாள் கணக்கில் அடிப்பார்கள். அடி வாங்கி வாங்கித் தளம் இறுகும். பிறகு தட்டோடு, அதன் மேல் பூச்சு, தூம்பை நோக்கிச் சரிவு.

இந்தச் சுண்ணாம்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாகும். மயிரிழை விரிசல் விட்டால், உள்ளே போகும் நீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து அந்த விரிசலிலேயே படியவைக்கும். சிறு காயம் தானே ஆறுவது போல. அதைவிட முக்கியம், சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைச் சிறைப்பிடிக்காது. மழையில் நனையும், வெயிலில் உலரும். அந்தச் சுவர் ஈரமே ஆகாத சுவர் அல்ல, ஈரத்தை வெளியே விடத் தெரிந்த சுவர்.

பிறகு சிமெண்டு வந்தது. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824-ல். இந்தியாவில் 1904-ல் சென்னையில் ஒரு முயற்சி நடந்து நின்றுபோனது. 1914-ல் போர்பந்தரில் தொடங்கிய ஆலைதான் நிலைத்தது. ஆனால் ஆலை வந்தவுடன் நம் தெருவுக்கு சிமெண்டு வந்துவிடவில்லை. எழுபதுகளில் பத்து மூட்டை சிமெண்டுக்கு மனு எழுதிக்கொண்டு தாலுகா ஆபீசில் காத்திருந்தது பலருக்கு நினைவிருக்கும். கட்டுப்பாடு 1982-ல் ஓரளவும் 1989-ல் முழுவதும் நீங்கியது. அதுவரை பர்மிட்டுக்கு ஏங்கிய பொருள் கடைக்குக் கடை கிடைத்ததும், பழைய வீட்டின் எல்லா நோய்க்கும் அதுவே மருந்தாகிவிட்டது. தளம் ஒழுகினால் மேலே சிமெண்டு. சுவர் பொரிந்தால் மேலே சிமெண்டு.

சிமெண்டு கெட்ட பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. அணைக்கும் பாலத்துக்கும் அதுதான் வேண்டும். ஆனால் சுண்ணாம்புச் சுவரின் மேல் அதைப் பூசினால், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் போகிறது. ஈரம் சிமெண்டு இல்லாத இடத்தைத் தேடி மேலேயோ பக்கத்திலோ ஏறும். கூடவே உப்பையும் கரைத்துக்கொண்டு போய் அங்கே பூக்கவைக்கும். ஆறு மாதம் சுவர் அழகாக இருக்கும். பிறகு பூச்சு தகடு தகடாகக் கழன்று விழும். கண்ணுக்குத் தெரிந்த ஒழுகல், கண்ணுக்குத் தெரியாத கசிவாக மாறியது இப்படித்தான்.

டெல்லியில் ஹுமாயூன் கல்லறைக்கும் இதுவே நேர்ந்தது. ஒழுகலைத் தடுக்க இருபதாம் நூற்றாண்டில் அதன் மேல்தளத்தில் அடுக்கடுக்காக கான்கிரீட் போட்டுக்கொண்டே வந்தார்கள். தொல்லியல் துறையும் ஆகா கான் அறக்கட்டளையும் சேர்ந்து புதுப்பித்து, 2013-ல் அந்தப் பணி நிறைவுற்றது. அப்போது மேல்தளத்திலிருந்து கையால் வெட்டி இறக்கிய கான்கிரீட் மட்டும் பத்து லட்சம் கிலோ. ஒழுகலை நிறுத்தப் போட்டதே கட்டடத்துக்குச் சுமையாகிவிட்டது. பிறகு சுண்ணாம்பையே திரும்பப் போட்டார்கள்.

எனக்கு அதைவிட நெருக்கமான பாடம் புதுச்சேரி மேரி கட்டடம். நான் பிரெஞ்சு வழியில் படித்தது அந்த ஊரில். கடற்கரைச் சாலையில் 1870-71-ல் கட்டப்பட்ட அந்த நகராட்சி மாளிகையைத் தாண்டித்தான் எங்கள் மாலை நடை. பல ஆண்டுகள் பராமரிப்பில்லாமல் கிடந்து, 2014 நவம்பர் 29 அன்று தொடர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கி உதவியோடு அதே தோற்றத்தில் புதிதாக எழுப்பினார்கள். பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் 140 ஆண்டுகள் கடற்காற்றையும் எத்தனையோ புயலையும் தாங்கிய கட்டடம் ஒரே நாள் மழையிலா விழுந்திருக்கும்? அன்றைய மழை கடைசி மழை, அவ்வளவுதான். அதற்கு முன் எத்தனையோ மழைக்காலத்து ஈரம் ஒரு சத்தமும் இல்லாமல் தன் வேலையைச் செய்திருக்கும்.

மூன்றாவது காலம் குழாயின் காலம். போர் போட்டு, மோட்டார் வைத்து, மொட்டை மாடியில் தொட்டி ஏற்றியது. சின்டெக்ஸ் கறுப்புத் தொட்டி 1975-ல் வந்தது. அந்தப் பெயரே இன்று எல்லாத் தொட்டிக்கும் பெயர். பெரியவர்களுக்கு வசதி என்று படுக்கையறையை ஒட்டிக் குளியலறையும் வந்தது. குழாய் வெளியே தெரிந்தால் அழகில்லை என்று சுவரை வெட்டிப் புதைத்து, மேலே டைல்ஸ் ஒட்டினோம். நூறு வருஷம் தண்ணீர் காணாத சுவருக்குள் இப்போது இரவும் பகலும் தண்ணீர் நிற்கிறது. புதைத்த ஜி.ஐ. குழாய் இருபது முப்பது வருஷத்தில் துருப்பிடித்துப் பொத்துக்கொள்ளும். நீர்க்கசிவுக்கு பிரெஞ்சில் 'ஃப்யூயித்' என்பார்கள். தப்பி ஓடுவதற்கும் அதே சொல்தான். தப்பி ஓடுகிறவன் குதித்த இடத்திலேயே நிற்பானா? ஓதம் தெரியும் இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் வேறொன்று.

சரி, எப்படிப் பிடிப்பது? முதல் சாட்சி பஞ்சாங்கம். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் ஈரம் என்றால் தளத்தையும் வெளிச்சுவரையும் பாருங்கள். சித்திரை வெயிலிலும் ஈரம் காயவில்லை என்றால் குழாயின் மேல் சந்தேகப்படுங்கள். தரையிலிருந்து சுமார் மூன்றடி உயரம் வரை மட்டும் பட்டை போலத் தெரிந்தால் அது நிலத்திலிருந்து ஏறும் ஈரம். எங்கள் வீட்டுப் பூஜை அறைச் சுவர் ஒரு கோடையில் ஈரமாகவே இருந்தது. வந்து பார்த்தவர் மேல்தளம் முழுவதும் பூச வேண்டும் என்றார். மழையே இல்லாத மாதத்தில் மேல்தளத்திலிருந்து தண்ணீர் எப்படி வரும் என்று கேட்டேன், பதில் இல்லை. கடைசியில் ஆறடி தள்ளி, குளியலறை டைல்ஸுக்குப் பின்னால் ஒரு முழங்கைத் துண்டில் வெடிப்பு அகப்பட்டது.

இரண்டாவது சாட்சி தொட்டி. இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டி நீர்மட்டத்தில் கோடு போடச் சொல்லுங்கள். நாம் மேலே ஏற வேண்டாம், இளையவர் யாராவது ஏறட்டும். காலையில் மட்டம் இறங்கியிருந்தால், மறுநாள் இரவு தொட்டியிலிருந்து இறங்கும் வால்வையும் மூடிப் பாருங்கள். அப்போது இறங்கவில்லை என்றால் கசிவு குழாயில். அப்போதும் இறங்கினால் தொட்டியிலேயே. கழிவறை ஃபிளஷ் தொட்டியில் நாலு சொட்டு நீலம் விட்டு அரைமணி காத்திருங்கள். தண்ணீர் விடாமலே பீங்கானில் நீலம் தெரிந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது. வினாடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளைக்கு 20 லிட்டர், வருஷத்துக்கு 7,000 லிட்டருக்கு மேல். கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

மூன்றாவது, ஒரு சதுர அடி பாலிதீன் தாளை ஈரச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம், சுவரை ஒட்டி நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்புறம் கோத்தால் அது அறைக்காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்தாலே போதும்.

கண்டுபிடித்த பின் அவசரம் கூடாது. முதலில் கசிவை நிறுத்த வேண்டும். பிறகு ஈரப் பகுதியின் சிமெண்டுப் பூச்சை உரித்து, ஒரு கோடை முழுவதும் சுவரைக் காயவிட வேண்டும். காய்ந்த பின் சுண்ணாம்புச் சாந்து பூசி, வெள்ளையடிக்க வேண்டும். பளபளக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம். இரண்டு விஷயத்தில் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெத்தை வீடானால், உத்தரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தைக் குச்சியால் குத்திப் பாருங்கள். தேக்கு நடுவில் வைரம் போல இருக்கும், சுவருக்குள் இருக்கும் முனை மட்டும் உளுத்துப் போயிருக்கும். தளம் விழுவது அங்கேதான் ஆரம்பிக்கும். குச்சி உள்ளே இறங்கினால் அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். பழைய கட்டடம் தெரிந்த இன்ஜினியர் ஒருவரை வரவழையுங்கள்.

இடிப்பதா வைத்துக்கொள்வதா என்பது அவரவர் பிள்ளைகளோடு பேசி முடிவு செய்ய வேண்டியது. எங்கள் தெருவில் சித்தூர் ஜில்லா பத்திரமுள்ள வீடுகளில் ஒவ்வொன்றாக இடிபடுகிறது. அதில் சில உண்மையாகவே முடியாத வீடுகள். சில, ஒரு முழங்கைத் துண்டு மாற்றினால் இன்னும் ஐம்பது வருஷம் நின்றிருக்கும். எது எந்த வகை என்று தெரியாமல் இடிப்பதுதான் மனதுக்கு ஒப்பவில்லை. கடுக்காய் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கிறது. கொட்டாப்புளி பிடித்த கைகள்தான் குறைந்துவிட்டன. உங்கள் பக்கம் அந்த வேலை தெரிந்தவர்கள் இருந்தால், அவர்கள் இருக்கும்போதே பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவையுங்கள்.