மூளைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் பள்ளி திரும்புதல்

சிறுவயது மூளைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த பிள்ளை மீண்டும் வகுப்பில் உட்கார்ந்து படிப்பைத் தொடர்வதே பள்ளி திரும்புதல். கோலார் தங்கவயல் குடும்பங்களுக்குச் சிகிச்சை என்றால் ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூரு: மனநல, நரம்பியல் நிறுவனமான நிமான்ஸ், அல்லது 1973இல் தொடங்கிய கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் பெற்றோர் பலர் பிழைப்புக்கும் அதே ஊருக்குத்தான் ரயிலேறுகிறார்கள். துணைக்கு ஒருவர் தங்கினால் அவர் கூலி போகும்.

குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் வீரியமான மூளைக் கட்டி மெடுல்லோபிளாஸ்டோமா, சிறுமூளையில் தோன்றுவது. அறுவை சிகிச்சைக்குப் பின், மூன்று வயதைக் கடந்த பிள்ளைகளுக்குப் பொதுவாக மூளை, தண்டுவடம் முழுவதற்கும் ஆறு வாரமளவில் கதிர்வீச்சு, அடுத்துப் பல மாதங்கள் கீமோதெரபி. ஒரு கல்வியாண்டாவது கைவிட்டுப் போகும்.

திரும்பி வரும் பிள்ளைக்கு முடி வளர்ந்திருக்கும், முகம் தெளிந்திருக்கும். சிக்கல் பிறகுதான் தெரியவரும். கதிர்வீச்சு மூளையின் வெண்பொருளைப் பாதிப்பதால் யோசிக்கும் வேகம், கவனம், கேட்டதை மனத்தில் இருத்திக்கொள்ளும் திறன் ஆகியவை குறையலாம். வயது குறைந்த பிள்ளைக்குப் பாதிப்பு அதிகம், அது சில ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும். கற்றது மறந்துபோவதைவிட, புதிதாகக் கற்பது மெதுவாகிறது. 'மந்தமாகிவிட்டான்' என்று ஆசிரியர் சொல்வது பெரும்பாலும் இந்தத் தாமதத்தைத்தான். கீமோதெரபியில் தரப்படும் சிஸ்பிளாட்டின் மருந்து உயர் சுருதி ஒலிகளைக் கேட்கும் திறனைக் குறைக்கலாம். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியபடி சொல்லும் பாடம் பாதிதான் காதில் விழும். இன்னொரு கீமோதெரபி மருந்தான வின்கிரிஸ்டின் விரல் நரம்புகளைத் தொட்டு எழுத்தைக் கெடுக்கலாம். தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன் குறைபாடும் சோர்வைக் கூட்டலாம். முதல் பெஞ்சு, அரைநாள் வகுப்பு, எழுதிக் கொடுத்த பாடக்குறிப்பு: செலவில்லாத இந்த ஏற்பாடுகளே பெரிதும் உதவுபவை.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1991 முதல், சிகிச்சை முடித்த பிள்ளைகளுக்கெனத் தனிக் கண்காணிப்புப் பிரிவை நடத்துகிறது. விடுபட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். அதன் பொது வரம்பு 14 வயது; அப்படிச் சேர்ந்த பிள்ளைக்கு மட்டும் தொடக்கக் கல்வி முடியும்வரை அதற்குப் பிறகும் இலவசக் கல்வி உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு சான்றளிக்கப்பட்டால் 18 வயதுவரை இலவசக் கல்வி உண்டு. தேர்வில் எழுத்தர் உதவியும், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரமும் கேட்கலாம். நடக்கவும் பேசவும் முடிகிற பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் எளிதில் கிடைப்பதில்லை.