கரி போன பாதை

என் ஜன்னலோரம் ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. அதற்குள் கறுப்புத் தூள். ஒரு காலத்தில் அது கை முட்டி அளவுக் கட்டி. மலேசியாவில் பத்து ஆராங் என்ற ஊரில், பழைய கரிக்குழி ஒன்றின் கரையில், மழை அறுத்துவிட்ட மண்சரிவிலிருந்து எடுத்து வந்தேன். நிலக்கரி என்றால் பளபளவென்று மின்னும் என்று நினைத்திருந்த எனக்கு முதலில் அது ஏமாற்றம்தான். மங்கிய கறுப்பு, ஓரங்களில் பழுப்பு, கையில் வைத்தால் கல்லின் கனம் இல்லை. வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் அதன்மேல் மயிரிழைபோல் வெடிப்புகள் ஓடின. ஒரு மாதத்தில் விரல் பட்ட இடமெல்லாம் செதில் செதிலாக உதிர்ந்தது. மண்ணுக்குள் இருக்கும்போது அந்தக் கரியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈரம். ஈரம் காயக் காயத் தன்னாலேயே நொறுங்கிவிடும்.

ரயிலில் கரி அள்ளிப் போட்ட பெரியப்பா இந்தக் குணத்தை எப்போதோ சொல்லியிருக்கிறார். “இந்த ஊருக் கரிய நம்பக்கூடாதுடா. குமிச்சு வச்சா உள்ளுக்குள்ளயே புழுங்கிப் புழுங்கித் தன்னால பத்திக்கும்.” அப்போது எனக்கு அது கதைபோல் இருந்தது. பிறகுதான் தெரிந்தது, பத்து ஆராங்கின் வரலாறு முழுவதும் அந்த ஒரு குணத்தைச் சுற்றியே ஓடியிருக்கிறது என்று. வெட்டிய கரியை நெடுநாள் சேமித்து வைப்பது கடினம். கப்பலில் ஏற்றித் தூர தேசம் அனுப்புவதும் ஆபத்து. சீக்கிரமே எரித்தாக வேண்டும். ஆகவே சுரங்கமும் ரயிலும் மின்நிலையமும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது.

பத்து என்றால் மலாயில் கல். ஆராங் என்றால் கரி. பெயரே ஊரைச் சொல்லிவிடுகிறது. ரவாங்குக்கு மேற்கே காட்டுக்குள் கரிப்படுகை இருப்பது 1908-இல் வெளியே தெரிந்தது. ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1913-இல் மலாயன் கொலியரிஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 1915-இல் கரி வெளியே வந்தது. இதே ரஸ்ஸல்தான் 1929-இல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவர். நம் பாட்டிமார் கொழுந்து கிள்ளிய மலைக்கும், பெரியப்பா அள்ளிய கரிக்கும் ஒரே முதலாளி என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

அவர் முதல் போட்ட நேரத்தைக் கவனிக்க வேண்டும். ரப்பரை நம்பி லண்டன் பணம் மலாயாவுக்குள் கொட்டிக்கொண்டிருந்த காலம். லம்பம் எனப்பட்ட ஈயச் சுரங்கங்களில் தண்ணீர் இறைக்கவும் மண் தோண்டவும் நீராவி வேண்டும். அந்த நீராவிக்காகச் சுற்றியிருந்த காடுகளெல்லாம் விறகாகிக் கொண்டிருந்தன. ரயிலுக்கு விறகு, இல்லாவிட்டால் கடல் தாண்டி வரும் கரி. இந்த நிலையில் கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே கரி கிடைத்தால் விடுவார்களா? குவாங் நிலையத்திலிருந்து கிளைப் பாதை போட்டார்கள். அரசாங்க ரயில்வேயே பெரிய வாடிக்கையாளர் ஆனது. 1927-இல் பங்சாரில் மின்நிலையம் எழுந்ததும் அதன் கொதிகலன்களுக்கும் இதே கரிதான். கோலாலம்பூர் தெருவிளக்கு எரிந்தது. அதிகாரிகளும் வியாபாரிகளும் விசிறிக்கடியில் உட்கார்ந்தார்கள். 1940-இல் ஒரே ஆண்டில் சுமார் 780,000 டன் கரி பத்து ஆராங்கிலிருந்து போனது. செங்கல் சூளை, ஒட்டுப்பலகை ஆலை என்று கரியைச் சுற்றி ஒரு தொழில் நகரமே நின்றது. அந்தச் சூளைப் புகைபோக்கிகளை இன்றும் பார்க்கலாம்.

கரி எங்கே போயிற்று என்று சொல்லிவிட்டேன். எங்கே போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பத்து ஆராங்கிலிருந்து மேற்கே போனால் பத்தாங் பெர்ஜுந்தை. 2007 முதல் பெஸ்தாரி ஜெயா. அதைத் தாண்டி ஈஜோக், புக்கிட் ரோத்தான், கோல சிலாங்கூர் வரை தோட்டங்கள். அவற்றில் ஒன்றின் பெயர் தென்னமாரம். நம் தென்னைமரத்தை வெள்ளைக்காரர்கள் எழுதிய விதம் அது. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே 1917-இல் அங்கேதான் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டார். இன்று நாட்டுக்கே சோறு போடும் மரம் ஒரு தமிழ்ப் பெயர் கொண்ட தோட்டத்தில் வேர் பிடித்தது என்பதை நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் யாராவது சொன்னால் நன்றாயிருக்கும். அந்தத் தோட்டங்களுக்கும் கரிச்சுரங்கத்துக்கும் இடையே சில மைல்தான். ஆனால் அந்தக் கரியில் பிறந்த மின்சாரம் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வரவில்லை. தூரத்திலிருந்த நகரத்துக்குப் போனது. பக்கத்திலிருந்த ஜனத்தைத் தாண்டிப் போனது.

நான் பிறந்த தோட்டத்தில் 1970-களில்கூட ஆலைக்குப் பின்னால் இருந்த ‘இஞ்சின் வீட்டு’ டீசல் மோட்டார்தான் எங்களுக்கு மின்சாரம். சாயங்காலம் ஆறரைக்கு அது இருமிக்கொண்டே கிளம்பும். லயத்தின் மஞ்சள் பல்புகள் முதலில் துடித்து, பிறகு நிதானத்துக்கு வரும். சரியாகப் பத்து மணிக்கு ஒருமுறை மங்கி எரியும். அது எச்சரிக்கை. அதற்குள் பாய் விரித்து, புத்தகத்தை மூடி, மண்ணெண்ணெய் பிளீட்டாவைக் கொளுத்தி வைத்துவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் தோட்டமே இருட்டு. துரை பங்களாவில் மட்டும் விளக்கு எரியும். அம்மா எங்கள் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டது சிரட்டைக் கரி போட்ட பெட்டியில். பங்சார் நிலையம் 1927-இலேயே கோலாலம்பூருக்குக் கொடுத்தது எங்கள் வாசலுக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அந்தக் கணக்கு எனக்கு இன்னும் ஆறவில்லை.

கரியை வெட்டியவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. சுரங்கத்தில் சீனர்களே மிகுதி. தமிழரும் மலாய்க்காரரும் இருந்தார்கள். கம்பெனி நேரடியாகக் கூலி கொடுக்காமல் குத்தகைக்காரர்கள் வழியாகக் கொடுத்தது. இடையில் எவ்வளவு ஒழுகும் என்று கங்காணி முறையைக் கண்ட நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1936 நவம்பரில் ஒரு வேலைநிறுத்தம். 1937 மார்ச்சில் இன்னொன்று. சுமார் 6,000 பேர். இந்த முறை அவர்கள் சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். காவல் போட்டார்கள், உணவுக்கு ஏற்பாடு செய்தார்கள், தங்களுக்குள் வழக்குத் தீர்த்துக்கொண்டார்கள். அரசாங்கம் நடுங்கியது. காரணம் வெளிப்படை: நெடுநாள் சேமித்து வைக்க முடியாத கரி. சுரங்கம் நின்றால் சீக்கிரமே ரயிலும் நிற்கும், நகரத்தில் விளக்கும் அணையும். மார்ச் 27-இல் போலீஸ் படை உள்ளே புகுந்து அதை முடித்தது. தன்னால் பற்றிக்கொள்ளும் அந்தக் கரியின் குறைதான், அதை வெட்டிய கைகளுக்கு அத்தனை பலம் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன்.

நான்கு ஆண்டு கழித்து, 1941-இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் எழுந்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னால் நின்றார். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பெண்களிடம் தகாதபடி நடப்பதை நிறுத்த வேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும் என்று கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள், படையை இறக்கினார்கள், தொழிலாளர் சிலர் உயிரிழந்தார்கள். ஒரு சைக்கிளிலிருந்து இறங்காமல் இருப்பதற்காக உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஜப்பானியர் வந்து போனார்கள். 1948 ஜூலையில் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்கள் பத்து ஆராங்கைத் தாக்கினார்கள். 1953-இல் கிள்ளானில் கன்னாட் பாலம் மின்நிலையம் திறந்தபோது கரிக்கு இன்னொரு வாழ்வு வந்ததுபோல் தோன்றியது. ஆனால் மத்தியக் கிழக்கின் எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. ரயில்கள் டீசலுக்கு மாறின. மின்நிலையங்களும் எண்ணெய்க்குத் திரும்பின. 1960 தொடக்கத்தில் பத்து ஆராங் சுரங்கம் மூடப்பட்டது. பெரியப்பா கரி மண்வெட்டியை வைத்துவிட்டு டீசல் வண்டியில் உதவியாளாக ஏறினார். புது வண்டியில் கண்ணில் கரித்தூள் விழாது என்று மகிழ்ந்தவர்தான், கடைசிவரை அந்தப் பழைய வண்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

ஊருக்கு அடியில் தோண்டிய சுரங்க வழிகள் அப்படியே இருக்கின்றன. மேலே எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்பதை அவைதாம் இன்றும் முடிவு செய்கின்றன. மண் உள்வாங்கும் என்ற பயம் அந்த ஊருக்குப் பரம்பரைச் சொத்துபோல் ஆகிவிட்டது. திறந்தவெளிக் குழிகள் குளமாகிவிட்டன.

கரி அதோடு போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1973-இலும் 1979-இலும் எண்ணெய் விலை தாவியது. ஒரே எரிபொருளை நம்பி நாட்டை நடத்த முடியாது என்று அரசாங்கம் கண்டது. எண்ணெய், எரிவாயு, நீர், நிலக்கரி என்ற நால்வகை எரிபொருள் கொள்கை 1981-இல் வந்தது. அதன்படி 1988-இல் கரி திரும்பி வந்தது, இம்முறை கடல் வழியாக. இறங்கிய இடம் காப்பார்: கிள்ளானுக்கும் கோல சிலாங்கூருக்கும் இடையே, தோட்டங்கள் கடலைத் தொடும் இடம். சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜீஸ் மின்நிலையம் மலேசியாவில் கரியால் ஓடும் முதல் நவீன நிலையம். எரிவாயு, எண்ணெய் அலகுகளையும் சேர்த்து கட்டி முடித்தபோது அதன் திறன் 2,420 மெகாவாட்.

1988 முதல் 1996 வரை மலேசியாவின் பொருளாதாரம் ஆண்டுக்கு ஒன்பது, பத்து விழுக்காடு வளர்ந்தது. புது ஆலைகள், புது அடுக்குமாடிகள், புது ஏர்கோன்கள். 1996 ஆகஸ்ட் 3-இல் தீபகற்பம் முழுவதும் ஒரேயடியாக மின்சாரம் போனபோது, வளர்ச்சி எவ்வளவு மெல்லிய கம்பியில் தொங்குகிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. பிறகு மஞ்சோங், தஞ்சோங் பின், ஜிமா என்று கடலோரமெங்கும் கரி நிலையங்கள். முதல் போட்டவர்களுக்கு இருபத்தைந்து ஆண்டுக்கு ஒப்பந்தம். மின்சாரம் தேவைப்பட்டாலும் படாவிட்டாலும் நிலையம் தயாராக நிற்பதற்கே பணம். போட்ட முதல் பத்திரமாகத் திரும்பும். கொஞ்ச காலத்தில் தீபகற்பத்து மின்சாரத்தில் பாதிக்கு மேல் கரியில் பிறந்தது.

அந்தக் கரி பெரும்பாலும் கலிமந்தானிலிருந்து வருகிறது. மகாகாம் ஆற்றில் படகுகளில் இறங்கி, கடல்முகத்தில் கப்பலேறி, காப்பார் படகுத்துறையில் இறங்கி, ஓடும் பட்டையில் ஏறி, குவியலாக விழுகிறது. அதைப் பார்த்தபோது எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தார். கலிமந்தான் கரியிலும் இதே ஈரம் உண்டு. குவியலை இறுக்கி அமுக்கி, பழையதை முதலில் எரித்து, சூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்காவிட்டால் அதுவும் தன்னால் பற்றிக்கொள்ளும். அந்த ஊரிலும் கைவிட்ட குழிகள் குளமாகி நிற்கின்றன. கிழக்குக் கலிமந்தானில் அப்படிப்பட்ட குழிகளில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். பத்து ஆராங்குக்காரன் ஒருவன் அந்தச் செய்தியைப் படித்தால் அவனுக்கு அது வெளிநாட்டுச் செய்தியாக இருக்காது.

இப்போது என் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். இந்த வகைக் கரியில் ஒரு கிலோ எரித்தால் சுமார் இரண்டு யூனிட் மின்சாரம் கிடைக்கும். கூடவே ஏறக்குறைய இரண்டு கிலோ கரியமில வாயு வானத்துக்குப் போகும். எங்கள் வீட்டு பில் மாதம் 300 யூனிட். அதில் பாதி கரியில் பிறந்தது என்று வைத்தாலும் 75 கிலோ. பெரிய அரிசி மூட்டை ஒன்றரை. மாதா மாதம் யாரோ அதை என் வாசலில் இறக்கி, நானே அடுப்பில் போட்டு எரிக்க வேண்டியிருந்தால், பிள்ளைகளை விளக்கை அணைக்கச் சொல்லி இத்தனை முறை கத்த வேண்டியிருக்காது.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஜனவரியில் இந்தோனேசியா தன் ஊருக்கே கரி போதவில்லை என்று ஏற்றுமதியை நிறுத்தியது. பிறகு உக்ரைன் போர். அந்த ஆண்டு ஆஸ்திரேலியக் கரியின் சந்தை விலை டன்னுக்கு 400 அமெரிக்க டாலரைத் தாண்டியது. நம் வீட்டு பில்லில் அது அப்படியே ஏறாமல் அரசாங்கம் மானியம் கொடுத்துத் தாங்கியது. பத்து ஆராங்கில் வெட்டிய காலத்தில் கரியின் விலை நம் கையில் இருந்தது, கூலி நம் கையில் இல்லை. இன்று விலையும் நம் கையில் இல்லை. புதிதாகக் கரி நிலையம் கட்டுவதில்லை என்று 2021-இல் அரசாங்கம் அறிவித்தது. இருப்பவையும் ஒப்பந்தம் முடிய முடிய ஓய்வு பெறும் என்றும் சொன்னது. இந்த முடிவை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் சூரியத்தகடு வரும்போது அது மறுபடியும் தோட்டத்து நிலத்தில்தான் விரிக்கப்படும். அந்த மின்சாரம் முதலில் யார் வீட்டுக்குப் போகும் என்று இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

எரிந்த கரியில் மிஞ்சுவது சாம்பல். கொஞ்சம் சிமெண்டுக்குப் போகிறது. மீதியைத் தண்ணீரோடு கலந்து காப்பார் நிலையத்தின் சாம்பல் குட்டைகளில் விட்டார்கள். பகலில் கடல் பெருகி வெளியே சேற்றுக்கரையெல்லாம் மூழ்கும்போது, சைபீரியாவிலிருந்து வந்த உள்ளான்களும் மற்றக் கரைப்பறவைகளும் ஆயிரக்கணக்கில் எழும்பி வந்து அந்தச் சாம்பல் திட்டில் இறங்கும். ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு, காற்று வீசும் பக்கம் பார்த்து உறங்கும். பறவை பார்ப்பவர்கள் தொலைநோக்கியோடு காத்திருப்பார்கள். கடல் வடியத் தொடங்கியதும் முதலில் ஒன்று தலையைத் தூக்கும். பிறகு கூட்டம் மொத்தமும் எழும்பிச் சேற்றுக்குப் போய்விடும். சாம்பலில் அவற்றின் கால்தடங்கள் மட்டும், அடுத்த மழை வரை.