இராணுவத்தில் செயற்கை நுண்ணறிவும் சேலம்–நாமக்கல் சமவெளியும்

இராணுவச் செயற்கை நுண்ணறிவு என்பது கண்காணிப்பு, இலக்கைக் கண்டறிதல், ஆளில்லா ஊர்திகளை இயக்குதல், தளவாடப் பராமரிப்பு, மொழிபெயர்ப்பு முதலான படைத்துறை வேலைகளில், தரவுகளிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் மென்பொருளைப் பயன்படுத்துவது. இந்தியாவில் இதற்கான ஆராய்ச்சிக்கு வயது அதிகம். செயற்கை நுண்ணறிவு, ரோபோட்டிக்ஸ் இரண்டுக்குமான மையத்தை மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ 1986இலேயே பெங்களூரில் தொடங்கிவிட்டது. ஆனாலும் அரசு அதைக் கொள்கையாகக் கையில் எடுத்தது 2018இல்தான். சேலம்–நாமக்கல் சமவெளி இந்த வரலாற்றுக்குள் வந்ததும் அந்த ஆண்டில்தான். கொள்கைக்கு அடித்தளமிட்ட குழுவின் தலைவர் நாமக்கல் மாவட்டத்துக்காரர். அதே ஆண்டின் மத்திய பட்ஜெட் அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு முனையமாகச் சேர்ந்தது. குழு தன் வேலையை ஐந்தே மாதத்தில் முடித்துவிட்டது. முனையம் இன்னும் முழு உருவம் பெறவில்லை.

மோகனூர்க்காரர் தலைமையில் ஒரு குழு

மோகனூர் காவிரிக் கரை ஊர். ஆற்றைத் தாண்டினால் கரூர் மாவட்டம். நெல், கரும்பு, வாழை, ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை என்று விவசாயத்தைச் சுற்றியே ஊர் நடக்கிறது. அங்கே 1963இல் பிறந்த நடராஜன் சந்திரசேகரன் உள்ளூர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தார். கோவை சிஐடி.யில் பட்டமும் திருச்சி ஆர்இசி.யில் எம்சிஏ.வும் முடித்து 1987இல் டிசிஎஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 2009இல் அதன் தலைமை நிர்வாகி ஆனார். 2017இல் டாடா சன்ஸ் தலைவர்.

பாதுகாப்பு அமைச்சகம் 2018 பிப்ரவரியில் நாட்டின் பாதுகாப்புக்குச் செயற்கை நுண்ணறிவை எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஆராய 17 பேர் கொண்ட பணிக்குழுவை அமைத்து அவரைத் தலைவராக்கியது. முப்படை அதிகாரிகளோடு கல்வியாளர்களும் தொழில்துறையினரும் ஸ்டார்ட்-அப் நடத்துபவர்களும் அதில் இருந்தனர். அறிக்கை ஜூன் 30 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமனிடம் சேர்ந்தது. அதன் பரிந்துரைப்படி 2019இல் இரண்டு அமைப்புகள் உருவாயின. ஒன்று, பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான பாதுகாப்புச் செயற்கை நுண்ணறிவு மன்றம். மற்றது, அதன் முடிவுகளைச் செயல்படுத்தும் திட்ட முகமை. முகமைக்கு ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 100 கோடி ரூபாய் ஒதுக்கீடு. படைத் தலைமையகங்களும் தங்கள் பட்ஜெட்டிலிருந்து ஆண்டுக்கு 100 கோடி இதற்கென எடுத்துவைக்க வேண்டும் என்று முடிவானது.

நூறு கோடி என்றால் காதுக்குப் பெரிதாகத்தான் கேட்கும். ஒரு தேஜஸ் போர் விமானத்தின் விலையில் பாதிகூட அது தேறாது. எனவே இந்தக் குழுவின் முக்கியத்துவத்தைத் தொகையை வைத்து அளப்பதில் பயனில்லை. இந்தியாவில் ஆயுதம் வாங்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக ஒரே தடத்தில் ஓடியது: படை கேட்கும், டிஆர்டிஓ வடிவமைக்கும், அரசுத் தொழிற்சாலை செய்யும், முடியாவிட்டால் வெளிநாட்டிலிருந்து வரும். மென்பொருள் தொழிலின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரைக் கூப்பிட்டு, படைக்கு எது தேவை என்றே கேட்டது புதிது. அதே டாடா குழுமத்தில் இராணுவத்துக்கு விற்கும் டாடா அட்வான்ஸ்டு சிஸ்டம்ஸ் நிறுவனமும் இருக்கிறது. ஏர்பஸ்ஸோடு சேர்ந்து சி-295 சரக்கு விமானங்களை வதோதராவில் தயாரிப்பது அந்த நிறுவனம்தான். ஆலோசனை தருபவரும் சரக்கு தருபவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் தொழில்நுட்ப நிறுவனங்களை நம்பிப் படை நடத்தும் எந்த நாடும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி அது.

அதே ஆண்டு அமெரிக்காவில்

2018இல் இன்னொரு தமிழரின் மேசைக்கும் இந்த விவகாரம் வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2017இல் தொடங்கிய மேவன் திட்டம், ட்ரோன்கள் எடுத்துக் குவிக்கும் காணொளிகளில் வாகனம் எது, ஆள் எது என்று கணினியே பிரித்துக் காட்டுவதற்கானது. கூகுள் அதில் பங்கேற்றதை எதிர்த்து 3,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள், போர்த் தொழிலில் நிறுவனம் இறங்கக் கூடாது என்று அதன் தலைமை நிர்வாகி சுந்தர் பிச்சைக்குக் கடிதம் எழுதினர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று கூகுள் ஜூனில் அறிவித்தது. ஆயுதங்களுக்காகச் செயற்கை நுண்ணறிவை உருவாக்க மாட்டோம் என்ற வாக்குறுதியையும் தன் கொள்கையில் எழுதிக்கொண்டது. 2025 பிப்ரவரியில் அந்த வாக்குறுதியை நீக்கிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பாலண்டிர், ஆண்டுரில் போன்ற நிறுவனங்கள் அந்த வேலையையே முதன்மைத் தொழிலாக்கிக்கொண்டன. உக்ரைனில் ஸ்டார்லிங்க் இணையச் சேவை இல்லாமல் படைகள் பேசிக்கொள்ளவே முடியாத நிலை வந்ததும், போர்முனையின் ஒரு கண்ணி தனியார் நிறுவனத்தின் கையில் இருப்பது உலகுக்கே தெரிந்தது.

இந்தியாவில் அப்படிப் பெரிய ஊழியர் எதிர்ப்பு எதுவும் கிளம்பவில்லை. பாதுகாப்புத் துறை ஆர்டர் என்றால் இங்கே இன்னமும் கௌரவம்தான்.

75 பொருள்கள்

பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் 2022 ஜூலை 11 அன்று டெல்லியில் செயற்கை நுண்ணறிவு சார்ந்த 75 படைத்துறைப் பொருள்களை வெளியிட்டார். அதிரடியான ஆயுதங்களை மட்டும் எதிர்பார்த்து அந்தப் பட்டியலைப் பார்ப்பவர் ஏமாந்துபோவார். கண்காணிப்புக் கேமரா, மொழிபெயர்ப்பு, பழுதை முன்கூட்டிச் சொல்லும் கருவி, குரலை எழுத்தாக்கும் மென்பொருள் என்று அலுவலகத்துக்கும் பட்டறைக்குமான பொருள்கள் பல அதில் இருந்தன. அதில் இரண்டைச் சேலம், நாமக்கல் ஆட்களுக்கு விளக்கவே தேவையில்லை.

ஒன்று, பெமல் நிறுவனம் செய்த ஓட்டுநர் சோர்வு கண்காணிப்புக் கருவி. இத்தகைய கருவியில் டேஷ்போர்டில் இருக்கும் சிறு கேமரா டிரைவரின் முகத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். சாதாரணமாகக் கண் சிமிட்டுவது நொடியில் ஒரு பகுதிதான். இமை அதைவிட அதிக நேரம் மூடியிருந்தாலோ, கொட்டாவி அடுத்தடுத்து வந்தாலோ, தலை சரிந்தாலோ எச்சரிக்கை ஒலிக்கும். பெமல் இராணுவத்துக்கு டாட்ரா கனரக லாரிகள் தரும் நிறுவனம் என்பதால் அதற்கு இது இயல்பான வேலை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு முக்கோணம் தென்னிந்தியாவின் லாரித் தொழில் மையம். சமையல் எரிவாயு டேங்கர், டிரெய்லர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி என்று இரவு பகலாக ஓடும் தொழில். டிரைவர் கிடைப்பதே பெரும்பாடு. பனிமலைச் சாலையில் ஓடும் படை வண்டிக்கும் நாசிக் லோடு ஏற்றிப் போகும் நாமக்கல் வண்டிக்கும் விடியற்காலை மூன்று மணி ஒன்றேதான். இராணுவத்துக்கும் பொதுச் சந்தைக்கும் உதவும் கருவி என்றே அமைச்சகமும் இதை அறிமுகப்படுத்தியது.

இன்னொன்று, லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பழகிய வெல்டிங் சார்ந்தது, கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம் செய்தது. தகடுகளை இணைத்த வெல்டிங்கின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக் குறைகளைச் சொல்லும் மென்பொருள். வெல்டிங்குக்குள் காற்றுக் குமிழி தங்கியிருந்தால் படத்தில் உருண்டையான கரும்புள்ளிகள் தெரியும். கசடு சிக்கியிருந்தால் ஒழுங்கற்ற கருந்திட்டு. உருகிய உலோகம் அடிவரை இறங்காமல் போயிருந்தால் நடுவில் நேரான கருங்கோடு. அனுபவமுள்ள ஆய்வாளர் இதை விளக்குப் பலகையில் படத்தை வைத்துப் பார்த்துச் சொல்வார். ஒரு கப்பலுக்கு இப்படி ஆயிரக்கணக்கில் படம் வரும்போது கண் அசந்துவிடும். கணினிக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் கணினி எதைக் குறை என்று சொல்ல வேண்டும் என்பதை முதலில் அந்த ஆய்வாளர்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

மல்லசமுத்திரத்து வேலை

கற்றுக்கொடுப்பதே ஒரு தனித் தொழில். சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே இருக்கும் மல்லசமுத்திரத்திலும் சேலத்திலும், 2008இல் தொடங்கிய பெங்களூர் நிறுவனமான நெக்ஸ்ட்வெல்த் மையங்களை நடத்திவருகிறது. கல்லூரி முடித்த உள்ளூர் இளைஞர்கள், அவர்களில் கணிசமாகப் பெண்கள், செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்கான தரவுகளைத் தயாரிக்கிறார்கள். திரையில் ஒரு சாலைப் படம் வரும். ஒவ்வொரு வாகனத்தையும் சுற்றிக் கட்டம் போட்டு, இது லாரி, இது டிராக்டர், இது இருசக்கர வண்டி என்று பெயர் சூட்ட வேண்டும். வேப்பமரத்துக்குப் பின்னால் பாதி மறைந்த வண்டிக்கு, தெரியும் பகுதிக்கு மட்டும் கட்டமா, முழு வண்டிக்குமா என்பதற்கும் விதி உண்டு. ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்ப்பார். இது வணிகச் சந்தைக்கான வேலை. ஆனாலும் ட்ரோன் படத்தில் பீரங்கியை அடையாளம் காணும் மென்பொருளும் இதே போன்ற கட்டங்களிலிருந்துதான் கற்கிறது.

மேவன் திட்டத்துக்கான படங்களில் பொருள்களைக் குறித்துத் தந்த இணையவழிக் கூலித் தொழிலாளர்களுக்கு, அது எதற்காக என்பதே சொல்லப்படவில்லை என்ற செய்தி 2019இல் வெளிவந்தது. ஊர்ப்புறத்துப் பட்டதாரிகள் இந்தத் தொழிலுக்கு வரும்போது, என்ன வேலை செய்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. மறுபுறம், படையின் உண்மையான படங்கள் வெளியே போக முடியாதவை. திட்ட முகமையின் நிதியில் தரவுத் தயாரிப்புக்கும் இடம் இருந்தது.

சேலம் முனையம்

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்குச் சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி என ஐந்து முனையங்கள். 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடக்க விழா நடந்தது. அன்றைக்கு அறிவித்த முதலீடு 3,000 கோடி ரூபாய்க்கு மேல். மாநிலத்தின் சார்பில் பொறுப்பேற்றிருப்பது தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ. ட்ரோன்களுக்கென்றே தனி அரசு நிறுவனம் 2022இல் பதிவானது. அதே ஆண்டு வந்த விண்வெளி, பாதுகாப்புத் தொழில் கொள்கை, பத்தாண்டுகளில் 75,000 கோடி முதலீட்டையும் ஒரு லட்சம் வேலைகளையும் இலக்காக வைத்தது.

சேலம் என்றதும் நினைவுக்கு வருவது உலோகம். கஞ்சமலை இரும்பை நம்பி ஜே.எம். ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி பரங்கிப்பேட்டையில் 1830களில் ஆலை நடத்தினார். அதே மலையடியில் 1970இல் இந்திரா காந்தி உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார். ஆனால் உருக்காலையின் சரக்கு துருப்பிடிக்காத எஃகுத் தகடும் நாணய வில்லைகளும். ஐஎன்எஸ் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்கான சிறப்பு எஃகு பொகாரோ, பிலாய், ரூர்கேலா ஆலைகளிலிருந்து போனது. எஃகு ஆலை இருப்பதாலேயே படைத்துறை ஆர்டர் தேடி வந்துவிடாது.

நுட்ப வேலைக்குச் சான்று வேறிடத்தில் கிடைக்கிறது. சேலம் சோனா தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வுப் பிரிவு செய்த ஸ்டெப்பர் மோட்டார், சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற எல்விஎம்-3 ராக்கெட்டில் இருந்தது. எரிபொருள் கலவையைச் சீராக்கும் பாகத்தைத் துல்லியமாக நகர்த்துவது அதன் வேலை. ட்ரோன் கேமராவைத் திருப்புவதற்கும், ராடார் தலையை நகர்த்துவதற்கும், தானியங்கித் துப்பாக்கியைக் குறிவைப்பதற்கும் வேண்டியது இப்படித் துல்லியமாக நகர்த்தும் மோட்டார்கள். மென்பொருள் எடுத்த முடிவை நடத்திக்காட்ட ஏதோ ஒரு இரும்பு அசைந்துதானே ஆக வேண்டும்.

பட்டறைகளுக்கு வாசல் திறப்பதாகச் சொல்லி வந்தது ஐடெக்ஸ் திட்டம். பிரதமர் மோடி 2018 ஏப்ரலில் சென்னைக்கு அருகே திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் அதைத் தொடங்கினார். படை தன் சிக்கலை அறிவிக்கும். தீர்வு காட்டும் சிறு நிறுவனத்துக்கு 1.5 கோடி வரை மானியம், பிற்பாடு 10 கோடி, 25 கோடி வரை தரும் பிரிவுகளும் சேர்ந்தன. சென்னையின் பிக் பேங் பூம் சொல்யூஷன்ஸ் இந்த வழியில் வளர்ந்து, ட்ரோன் எதிர்ப்புக் கருவிக்கு விமானப்படை, தரைப்படை இரண்டிடமும் 200 கோடிக்கு மேல் ஆர்டர் பெற்றது. சேலம், நாமக்கல் பக்கம் தடையாக இருப்பது திறமைக் குறைவு அல்ல, பணச் சுழற்சி. லாரிக்கு பாடி கட்டும் பட்டறை முன்பணம் வாங்கி, சில வாரத்தில் வண்டியை வெளியே அனுப்பி, மீதியை வசூலித்துவிடும். படைத்துறைக் கொள்முதலில் மாதிரி, சோதனை, மறு சோதனை, ஒப்பந்தம் என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கும். வெல்டருக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டியவரால் அதைத் தாங்க முடியாது.

ட்ரோன்களும் உதிரி பாகங்களும்

2021 ஜூனில் ஜம்மு விமானப்படைத் தளத்தின் மீது ட்ரோன்கள் குண்டு போட்டது இந்தியப் படைகளின் அவசரத்தைக் கூட்டியது. பாகிஸ்தானுக்கு எதிரான 2025 மே மாத ஆபரேஷன் சிந்தூரின்போது இரு தரப்பிலும் ட்ரோன்கள் பறந்தன. ராடார்களை ஒரே வலையில் கோத்து வான்பாதுகாப்பை நடத்தும், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தின் ஆகாஷ்தீர் அப்போதுதான் பொதுமக்களுக்கு அறிமுகமானது. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஏறத்தாழ 230 கோடி ரூபாய்க்கு 400 சரக்கு ட்ரோன்கள் வாங்கும் ஒப்பந்தங்களைத் தரைப்படை ரத்து செய்திருந்தது. காரணம், சீன உதிரி பாகங்கள். பறத்தலைக் கட்டுப்படுத்தும் சில்லு, மோட்டார், பேட்டரி மூன்றும் உள்நாட்டில் கிடைக்கும்வரை இந்தச் சிக்கல் ஓயாது. மோட்டார் என்ற இடத்தில்தான் சேலம் முனையத்துக்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறது.

யார் விசையை அழுத்துவது

மனிதர் ஒப்புதலின்றித் தானே இலக்கைத் தேர்ந்து தாக்கும் ஆயுதங்கள் குறித்து ஐ.நா. பொதுச்சபை 2023 டிசம்பரில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த நான்கில் இந்தியாவும் ஒன்று. இதற்கென ஜெனீவாவில் ஏற்கெனவே நடக்கும் பேச்சுவார்த்தையே போதும் என்பது இந்தியாவின் நிலைப்பாடு. அந்தப் பேச்சுவார்த்தைக்கு 2017, 2018இல் தலைமை வகித்ததே இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில். உள்நாட்டில், நம்பகமான செயற்கை நுண்ணறிவை மதிப்பிடும் வழிகாட்டு நெறியை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌகான் 2024 அக்டோபரில் வெளியிட்டார். நெறி எழுதுவது சுலபம். வேப்பமரத்துக்குப் பின்னால் பாதி மறைந்திருப்பது பீரங்கியா, ரிக் லாரியா என்று களத்தில் சோதித்துப் பார்க்க ஆய்வகமும் திடலும் வேண்டும். ட்ரோன், மின்னணுப் போர், ஒளியியல் கருவிகள் ஆகிய மூன்றுக்கும் சோதனை மையம் அமைக்க 2024 ஜூலை 2 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்றும் சென்னைப் பகுதியில் அமைகின்றன.