கொழுப்பு அமிலங்களும் கல்லீரல் கொழுப்பு வளர்சிதைமாற்றமும்

உணவுக் கொழுப்பு அமிலங்களைக் கல்லீரல் செல்கள் எரிக்கலாம், டிரைகிளிசரைடாகச் சேமிக்கலாம், அல்லது கொழுப்பைச் சுமக்கும் விஎல்டிஎல் துகள்களில் ஏற்றி ரத்தத்துக்கு அனுப்பலாம். அமிலச் சங்கிலியின் நீளத்துக்கும் அதிலுள்ள இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கைக்கும் இதில் பங்குண்டு.

விலங்குக் கொழுப்புகளின் வேதியியலைப் பிரெஞ்சு அறிஞர் செவ்ரல் 1823இல் நூலாக்கினார். பென்சீன் வளையம் இணைத்த கொழுப்பு அமிலங்களை நாய்களுக்கு ஊட்டிச் சிறுநீரை ஆராய்ந்த ஃப்ரான்ஸ் க்னூப், சங்கிலி இரண்டிரண்டு கார்பனாகவே வெட்டுப்படுகிறது என்று 1904இல் காட்டினார்.

கொழுப்பு வெறும் எரிபொருள், வேண்டியதை உடல் மாவுச்சத்திலிருந்தே செய்துகொள்ளும் என்பதே அன்றைய கருத்து. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர்ரும் அவர் மனைவி மில்ட்ரெட் பர்ரும் 1929இல் இதை அசைத்தனர். கொழுப்பு அறவே நீக்கிய தீனி தின்ற எலிகளின் வளர்ச்சி நின்றது, வாலில் செதில் படர்ந்தது, சிறுநீரகம் கெட்டது. லினோலியிக் அமிலம் சிறிதளவு சேர்த்ததும் அவை தேறின. கல்லீரல் கொழுப்பு ஆய்வின் வரலாற்றுக்கு அதைவிட முக்கியமானது 1931இல் வெசனும் பர்ரும் எடுத்த மூச்சுக் கணக்கு. வெளிவிட்ட கரியமில வாயு, உள்ளிழுத்த ஆக்சிஜனைவிட மிகுந்திருந்தது. மாவுச்சத்து மும்முரமாகக் கொழுப்பாக மாறுகிறது என்பதே அதன் பொருள். கொழுப்பே தராத எலிக்குள் கொழுப்பு உற்பத்தி பெருகியிருந்தது! பர்ரின் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் பிரவுன் ஆறு மாதம் தாமே கொழுப்பற்ற உணவு உண்டார். 1938இல் வெளியான அறிக்கையின்படி அவர் தோலுக்குக் கேடில்லை. நெடுநாள் ஒற்றைத் தலைவலியும் விட்டுப்போனது. இதனால் மனிதருக்கு லினோலியிக் அமிலம் தேவையா என்ற ஐயம் நீடித்தது. கொழுப்பில்லாச் சிரைவழி உணவு பெற்ற நோயாளிகளிடம் பின்னர் கண்ட குறைபாடுகள் அதைப் பெரிதும் போக்கின.

எலிகளின் மூச்சு சொன்னதை, 1965இல் ஆல்மனும் கிப்சனும் சுண்டெலியின் கல்லீரலிலேயே கண்டனர்: லினோலியிக் அமிலம் குறைந்தால் கொழுப்பு அமில உற்பத்தி ஏறுகிறது, ஊட்டினால் இறங்குகிறது. உற்பத்தி நடக்கும்போது உருவாகும் மலோனைல்-கோஏ, கொழுப்பு அமிலங்கள் அவை எரியும் இடமான மைட்டோகாண்டிரியாவுக்குள் நுழைவதைத் தடுப்பதை 1977இல் மெக்கேரியும் ஃபாஸ்டரும் கண்டறிந்தனர். 1990களில் பிபிஏஆர்-ஆல்ஃபா, எஸ்ஆர்இபிபி-1 ஆகிய புரதங்கள் அறிமுகமாயின. லினோலியிக் போன்ற பன்மை நிறைவுறா அமிலங்கள் முன்னதைத் தூண்டி எரிப்பைக் கூட்டுகின்றன. பின்னதை அடக்கி உற்பத்தியைக் குறைக்கின்றன.

வளர்ப்புச் செல்களில் ஓலியிக் அமிலம் கொழுப்புத் துளிகளாகத் தங்குகிறது. பால்மிடிக் அமிலம் செல்லைக் கொல்லக்கூடும். துளியாகச் சேமிப்பது ஒருவகைப் பாதுகாப்பு என்பர் சிலர். அது உடலுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதில் ஒருமித்த கருத்தில்லை. தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் நடுத்தரச் சங்கிலிகளுடன் பட்டியலிடப்பட்டாலும், பெரும்பகுதி நிணநீர் வழியே செல்வதால், அவற்றைப்போல நேரே கல்லீரலுக்குப் போய் எரிகிறது என்று கொள்வது ஐயத்துக்குரியது.

சுவீடனின் உப்சாலாவில் இளைஞர்களுக்கு ஏழு வாரம் மிகையாக மஃபின் கேக் கொடுத்தனர். பால்மிடிக் அமிலம் மிகுந்த பாமாயில் மஃபின் உண்டவர்களுக்கு, லினோலியிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெய் மஃபின் உண்டவர்களைவிடக் கல்லீரல் கொழுப்பு கூடுதலாக ஏறியது. எடையோ இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு கூடியது. இம்முடிவு 2014இல் வெளியானது.