மூன்று மடங்கு இறைப்பும் நிலாவெளி மணற்கிணறும்

மாசுபட்ட இடத்தில் நிலத்தடி நீர் மாதிரி எடுக்கப் போகிறவருக்கு முதலில் கற்பிக்கப்படும் விதி ஒன்று உண்டு: கிணற்றில் நிற்கும் நீரின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கை இறைத்து வெளியே விட்டபிறகே போத்தலை நிரப்ப வேண்டும். குழாய்க்குள் தேங்கிக் காற்றுப்பட்ட நீர், மண்ணுக்குள் ஓடும் நீருக்குச் சாட்சியாகாது என்பது அதன் நியாயம். நியாயத்தில் பிழையில்லை. ஆனால் ஒடுங்கிய கண்காணிப்புக் குழாயை நினைத்து எழுதப்பட்ட விதி அது. திருகோணமலைக் கரையிலுள்ள நிலாவெளியின் வீட்டுக் கிணறுகளில் அதை அப்படியே கைக்கொண்டால், அளக்க வந்தவரே நீரைக் கெடுத்துவிட்டுப் போகக்கூடும்.

கணக்கைப் பார்ப்போம். 50 மில்லிமீற்றர் விட்டமும் 3 மீற்றர் நீரும் உள்ள குழாயில் மூன்று மடங்கு என்பது ஏறத்தாழ 18 லீற்றர். இரண்டு வாளிக்குள் அடங்கும். ஒன்றரை மீற்றர் விட்டமுள்ள திறந்த கிணற்றில் ஒன்றரை மீற்றர் ஆழத்துக்கு நீர் நின்றால், அதே மூன்று மடங்கு ஏறத்தாழ 8,000 லீற்றர். விதி ஒன்றுதான், செயல் ஒன்றல்ல.

அந்த 8,000 லீற்றர் எங்கிருந்து வருகிறது? கடலோர மணலுக்குள் மழைநீர் ஒரு வில்லைபோல உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. 1888இல் பாடன் கைபனும் 1901இல் ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட தொடர்பின்படி, கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் நிற்கும். இதன் மறுபக்கம்தான் நமக்கு முக்கியம். நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்து அப்படியே நிலைத்தால், கோட்பாட்டளவில் உவர்நீர் எல்லை 4 மீற்றர் மேலேறும். சில மணிநேர இறைப்பில் அவ்வளவும் நடந்துவிடாது. ஆயினும் கிணற்றின் நேர்கீழே உவர் கூம்பாக எழத் தொடங்கும். அப்போது போத்தலில் விழும் உப்பு நிலத்தினுடையதா, நம் பம்பினுடையதா?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கேள்வி கிழக்குக் கரை முழுவதும் எழுந்தது. கடல் புகுந்த கிணறுகளைத் துப்புரவாக்க வந்தவர்கள் நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைத்தார்கள். மட்டக்களப்புக் கரையில் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கிணறுகளைத் தொடர்ந்து அளந்தபோது, உப்பைக் குறைத்தது பெரும்பாலும் மாரி மழையே என்றும் இறைப்பு நிலையான பலன் தரவில்லை என்றும் கண்டார்கள். இறைப்பை எல்லாக் கிணற்றுக்கும் ஒரே மருந்தாக எழுதிக்கொடுக்க முடியாது.

ஒரே அளவு இறைக்காவிட்டால் கிணற்றோடு கிணற்றை எப்படி ஒப்பிடுவது என்று கேட்பார்கள். ஒப்புமை கொள்ளளவில் இல்லை, நிலைபேற்றில் இருக்கிறது. நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேற்படாமல் மெல்ல உறிஞ்சி, அடுத்தடுத்த மூன்று அளவீடுகளில் பீ.எச். 0.1க்குள்ளும் மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளும் நிற்கும்போது மாதிரி எடுப்பது அறியப்பட்ட முறைதான். அது குழாய்க்கிணற்றில் நன்றாக வேலை செய்யும். திறந்த கிணற்றில் அதற்கு முன் இன்னும் ஒரு படி வேண்டும்: நீரைக் கலக்காமல் மேல், நடு, அடி என மானியை இறக்கி மின்கடத்துதிறனை அளந்து பதிவது. நன்னீர் எவ்வளவு தடிப்பில் நிற்கிறது என்பது அதிலேயே தெரியும்.

மாசு எது என்பதும் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. மலசலகூடக் குழியிலிருந்து வரும் நைத்திரேற்றைத் தேடுவோருக்கு நடுநீர் போதும். அதற்கான உலக சுகாதார நிறுவன வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். எண்ணெயைத் தேடுவோருக்கு அது போதாது, ஏனெனில் எண்ணெய் மேலே மிதக்கும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தக் கட்டளையிட்டது. அத்தகைய வழக்கில் வாளியை மேலே தோய்த்தவரும் அடியில் பம்பை இறக்கியவரும் ஒரே கிணற்றுக்கு இரண்டு முடிவுகளைக் கொண்டுவர முடியும். சுன்னாகம் சுண்ணக்கல் நிலம். நீர் வெடிப்புகள் வழியே ஓடும். நிலாவெளி மணலில் பரவல் அதைவிடச் சீரானது. அங்கே பெற்ற அனுபவத்தை இங்கே அப்படியே கொண்டுவருவதும் மூன்று மடங்கு விதியைப் போன்ற தவறே.

அன்றாடம் பாவிக்கும் கிணற்றை வீட்டாரே இறைத்துவிடுகிறார்கள். ஆகவே குறிப்பேட்டின் முதல் வரியில் வரவேண்டியது, காலையிலிருந்து மோட்டர் எவ்வளவு நேரம் ஓடியது என்பதற்கு அவர்கள் சொல்லும் விடை. ஆளில்லா வளவுகளில் மூடிக்கிடக்கும் கிணறுகள் வேறு வகை. அங்கே தேங்கிய நீர் உண்மையிலேயே பழையது. அவற்றை இறைப்பதற்குப் பதில், இரண்டு மீற்றர் தள்ளி ஒடுங்கிய அவதானிப்புக் குழாயொன்றை மணலுக்குள் இறக்கி அதில் 18 லீற்றரை இறைக்கலாம்.