கடல் கடந்த அடுக்குக் குக்கர்

நம்மவர்கள் வெளிநாடு புறப்பட்டால் துணிமணிக்கு முன்பே புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் பெட்டியில் ஏறிவிடும். 1989ல் அலுவலகப் பயிற்சிக்காக ஆறு வாரம் ஐரோப்பா சென்றபோது நானும் அப்படித்தான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜபம் செய்தேன், சமைத்தேன், தனியே சாப்பிட்டேன். ஒருநாள் பக்கத்து அறைக்காரர் வாசனை பிடித்து வந்து விசாரித்தார். ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன்.

பின்னாளில் பக்திவேதாந்த ஸ்வாமியின் சரித்திரத்தைப் படித்தபோது அந்தக் கதவு ஞாபகம் வந்தது. 1896ல் கல்கத்தாவில் பிறந்து, மருந்து வியாபாரம் செய்து குடும்பம் நடத்தி, 1959ல் சந்யாஸம் ஏற்றவர் அவர். 1965 ஆகஸ்ட் 13ஆம் தேதி 'ஜலதூதா' என்ற சரக்குக் கப்பலில் அமெரிக்கா புறப்பட்டார். கப்பல் கம்பெனியின் தலைவி ஸுமதி மொரார்ஜி இலவசமாக இடம் தந்தார். கையில் 40 ரூபாய். நடுக்கடலில் இருமுறை மாரடைப்பு. கரை சேர்ந்தபோது வயது 69.

அவரும் சமையல் பாத்திரம் கொண்டுபோனார். மூன்றடுக்குப் பித்தளைக் குக்கர். அடித்தட்டில் பருப்பு கொதிக்க, அந்த ஆவியிலேயே மேல்தட்டுகளில் சாதமும் காய்கறியும் வெந்துவிடும். நீராவியின் உள்ளுறை வெப்பம் வீணாகாத ஏற்பாடு! விஞ்ஞானம் படித்தவனுக்கு இதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

1966ல் நியூயார்க் செகண்ட் அவென்யூ 26ஆம் எண்ணில் ஒரு சிறு கடையை வாடகைக்கு எடுத்தார். பழைய கடையின் 'மேட்ச்லெஸ் கிஃப்ட்ஸ்' போர்டு அப்படியே இருந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் நீள்முடி இளைஞர்கள், போதைமருந்துப் பழக்கமுள்ளவர்கள் சிலர். பதினாறு சொற்கள் கொண்ட ஹரிநாமத்தைக் கைத்தாளத்துடன் சொல்லிக்கொடுத்தார். பிறகு சாதம், பருப்பு, சப்பாத்தி, குலாப்ஜாமூன் என்று தம் கையாலேயே சமைத்துப் பரிமாறினார். ஞாயிறு விருந்துக்குக் கூட்டம் சேர்ந்தது. பாட்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேர், குலாப்ஜாமூனுக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று அவர் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அக்டோபரில் டாம்ப்கின்ஸ் ஸ்கொயர் பூங்காவில் எல்ம் மரத்தடியில் பகிரங்கமாகவே நாமசங்கீர்த்தனம் நடந்தது. 1969ல் லண்டனில் ஜார்ஜ் ஹாரிஸன் தயாரிப்பில் அதே நாமம் இசைத்தட்டாகவும் வந்தது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அந்த இளைஞர்களையே அவர் சமையலறைக்குள் விட்டார். குளித்துவிட்டுச் சமைக்க வேண்டும், நடுவில் ருசி பார்க்கக்கூடாது, நிவேதனம் ஆன பிறகே சாப்பிடலாம் என்று பழக்கினார். அவர்கள் சமைத்ததைத் தாமும் உண்டார். ஆசாரத்தை அவர் கைவிடவில்லை. சாதத்தோடு சேர்த்து அதையும் வந்தவர்களுக்குப் பரிமாறிவிட்டார். கதவைச் சாத்திக்கொண்ட நான் என் ஆசாரத்தைக் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

இந்தப் பரம்பரையில் நம் ஸ்ரீரங்கத்துக்கும் பங்குண்டு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டு யாத்திரை வந்த சைதன்யர், அங்கே வேங்கட பட்டர் என்ற ஸ்ரீவைஷ்ணவர் இல்லத்தில் நான்கு மாதம் தங்கினார் என்பது அந்த ஸம்பிரதாயத்தின் வரலாறு. அந்த வீட்டுப் பிள்ளை கோபால பட்டர் பின்னாளில் பிருந்தாவனத்தின் ஆறு கோஸ்வாமிகளில் ஒருவரானார். பூஜை, நிவேதன முறைகளைக் கூறும் 'ஹரி பக்தி விலாஸம்' அவர் பெயரில்தான் வழங்குகிறது.