திரைச்சீலையில் பூத்த சோழமண்டலப் பூக்கள்

தீபாவளி நெருங்கினால் தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டத்து வீடுகளில் திரைச்சீலை மாற்றுவது வழக்கம். கொடியும் பூவும் படர்ந்த துணி என்றால் பெண்களுக்குத் தனிப் பிரியம். சுவரில் ஒட்டும் பூப்போட்ட காகிதமும் இப்போது வந்துவிட்டது. இதையெல்லாம் மேல்நாட்டுப் பாணி என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மை என்ன? அந்தப் பூக்கொடிகளில் பலவற்றின் வேர், தமிழரும் தெலுங்கரும் வாழ்ந்த சோழமண்டலக் கரையில் இருக்கிறது.

மலாக்காவில் இறங்கிய துணி

போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடிப்பதற்கு முன்பே அக்கரையின் பருத்தித் துணி அங்கு வந்து இறங்கியது. துணியைக் கொடுத்து நறுமணப் பொருள்களை வாங்கிச் சென்றனர் தமிழ் வணிகர்கள். 1610இல் டச்சுக்காரர் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்ததும் இத்துணியைக் கருதித்தான். மலாய்க்காரர் உடுத்தும் கட்டம் போட்ட ‘காயின் பெலேக்காட்’ இன்றும் பழவேற்காட்டின் பெயரைச் சுமக்கிறது. நாம் சீட்டித் துணி என்பதை மலாயில் ‘சீத்தா’ என்பர், ஆங்கிலத்தில் ‘சின்ட்ஸ்’. மூன்றும் ஒரே குடும்பச் சொற்கள்.

வெளுக்காத வண்ணம்

ஐரோப்பியரை மயக்கியது பூவின் அழகு மட்டுமன்று. துவைத்தாலும் போகாத சாயம். துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் ஊற வைத்தனர். சிவக்க வேண்டிய இடத்தில் படிகார நீரையும், கறுக்க வேண்டிய இடத்தில் இரும்புத் துருக் கரைசலையும் மூங்கில் எழுதுகோலால் தீட்டினர். இம்பூரல் எனப்படும் சாயவேரில் கொதிக்க வைத்ததும் படிகாரம் பட்ட இடம் சிவந்தது. நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி, அவுரிச் சாயத்தில் முக்கினர். நீலத்தின்மேல் மஞ்சள் பூசினால் பச்சை. அந்த மஞ்சள் மட்டும் நாளடைவில் மங்கிவிடும். அருங்காட்சியகங்களில் உள்ள பழந்துணிகளில் இலைகள் நீலமாகத் தெரிவது இதனால்தான்.

பாறைமேட்டில் எழுந்து கிளை பரப்பும் பூமரம் தீட்டிய ‘பாலம்போர்’ விரிப்புகள் ஐரோப்பியரின் கட்டில்களையும் சுவர்களையும் அலங்கரித்தன. சொந்த நெசவாளர் எதிர்க்கவே, பிரான்ஸ் 1686இல் இத்தகைய துணிக்குத் தடை விதித்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டது. ஆசை அடங்கியதா? இல்லை. துணியைத் தடுத்தவர்கள் தொழிலைக் கற்கத் தொடங்கினர்.

கைமாறிய வித்தை

1742இல் கூர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், மதம் மாறிய சாயத் தொழிலாளரிடம் கேட்டறிந்த செய்முறையைக் கடிதமாக எழுதி அனுப்பினார். அது அச்சேறியது. 1760இல் பிரான்சின் ழூயி என்ற ஊரில் ஓபர்காம்ப் பூத்துணி ஆலையைத் தொடங்கினார். சுவர்க் காகிதத்திலும் சின்ட்ஸ் பூக்கள் ஏறின. 1883இல் இங்கிலாந்தின் வில்லியம் மாரிஸ், ‘ஸ்ட்ராபெரி திருடன்’ என்ற பறவைச் சித்திரத் துணிக்கு அவுரி நீலத்தையே பயன்படுத்தினார். அவர் பெயர் உலகறிந்தது. சோழமண்டலத்தில் எழுதுகோல் பிடித்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் ஆலைத் துணி இந்தியச் சந்தையை நிறைத்தபோது, அவர்களின் பிழைப்பும் நொடிந்தது.

தொழில் அடியோடு அழிந்துவிடவில்லை. தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில்களுக்கான தொம்பையும் விதானமும் கையால் தீட்டும் மரபு தொடர்ந்து வந்துள்ளது. கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கைத்தொழில் தெரிந்தவர்கள் தங்கள் வித்தையை எழுதி வைக்கவில்லை, கேட்டவர்கள் எழுதிக்கொண்டார்கள். இன்று தோட்டங்கள் குறைந்து, பிள்ளைகள் பட்டணம் போகிறார்கள். கோலம் போடவும், தோரணம் பின்னவும், பூக்கட்டவும் தெரிந்த மூதாட்டிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தத் தீபாவளிக்குத் திரைச்சீலை வாங்கும்போது அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பாட்டியின் கைவேலையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.